கன்னம் அறிந்த சூடு

ஞாயிற்றுக்கிழமை பகல் ஒன்றேகால் மணிக்கு அக்கா போனில் கூப்பிட்டாள். அந்த நேரத்தில் கூப்பிடுவது அவள் வழக்கம்தான். சாப்பாட்டுக்கு உட்காருமுன் என்னைக் கூப்பிட்டு, என்ன சமைத்தேன் என்று கேட்டு, நான் எதைச் சொன்னாலும் அதில் ஒரு குற்றம் கண்டுபிடிப்பாள். பின்னாலிருந்து மாமா எனக்காகப் பரிந்து பேசுவதுபோல் ஆரம்பித்து, கடைசியில் அக்கா பக்கமே சாய்வார். அதனால் போனை எடுத்ததும், "இன்னும் அடுப்பே பத்த வைக்கல, திட்டுறதுன்னா சீக்கிரம் திட்டு" என்றேன்.

அக்கா திட்டவில்லை.

"மாமா போயிட்டாருடி."

கடைக்கா என்று கேட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையில் கடை ஏது என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது.

"ஆஸ்பத்திரியில இருக்கேன், வா. ஏதாவது சாப்பிட்டுட்டு வா. இங்க எவ்வளவு நேரம் ஆகும்னு தெரியல" என்றாள்.

வேளைக்குச் சாப்பிட வேண்டும் என்பது அந்த வீட்டின் சட்டம். இருவருக்கும் சர்க்கரை நோய். நேரம் தவறினால் என்ன ஆகும் என்று இருவரும் பட்டுத் தெரிந்தவர்கள். அந்த வேளையிலும் அவள் வாயில் அதுதான் வந்தது.

மாமா இஸ்திரிக் கடை வைத்திருந்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் பெட்டிக்காரர். கடை என்றால் ஒரு மேசை, மேலே ஒரு தகரக் கூரை, சுவரில் இரண்டு வரிசை ஆணி. மேசைமேல் பழைய கம்பளிகளை அடுக்கி, அதன்மேல் வெள்ளைத் துணி ஒன்றை இழுத்துக் கட்டியிருப்பார். இஸ்திரிப் பெட்டியின் முனை பதிந்த பழுப்புத் தடங்கள் அந்தத் துணியில் இலை இலையாகக் கிடக்கும். மூடியில் ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டில் ஒன்று. மின்சாரப் பெட்டி ஒன்று. மின்சாரம் போனால் எடுப்பதற்குக் கரி போடுகிற கனமான பெட்டி ஒன்று. துணிகள் அந்தந்த வீட்டுப் படுக்கை விரிப்பிலேயே மூட்டையாகக் கட்டப்பட்டு வரும். பிரிக்காமலே யார் வீட்டு மூட்டை என்று சொல்வார்.

"இதுல என்ன அதிசயம், வாசனை காட்டிக் குடுத்துடும். உன் மூட்டையில பழைய புத்தக வாசனை வரும் சின்னவளே, கூடவே பால் தீஞ்ச வாசனையும்" என்பார். நான் அக்காவின் ஒரே தங்கை என்பதால் அவருக்குச் சின்னவள். அக்கா மழலையர் பள்ளியில் டீச்சர் என்பதால் வீட்டிலும் அவருக்கு டீச்சர்தான்.

பெட்டியின் சூட்டைப் பார்க்க அவருக்கு ஒரு வழி இருந்தது. அதைத் தூக்கிக் கன்னத்துக்குப் பக்கத்தில், இரண்டு விரல் தள்ளிப் பிடிப்பார். ஒரு மூச்சு விடும் நேரம். பட்டுக்குச் சரி, பருத்திக்கு இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று கீழே வைப்பார். கல்யாணமான புதிதில் அக்கா இதைப் பார்த்து அரண்டுபோனாள்.

"என்னங்க இது, மூஞ்சிக்கே இஸ்திரி போட்டுக்கப் போறீங்களா?"

"போட்டாலாவது இந்த மூஞ்சி நேராகுதான்னு பாக்குறேன் டீச்சர்."

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தக் குறையை அவர்கள் என்னிடம் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. வகுப்பில் அக்காவுக்கு நாற்பது பிள்ளைகள், சாயந்திரம் கடை வாசலில் உட்கார்ந்து அவர்களைப் பற்றிச் சொல்ல ஒரு ஆள். அதுவே அவர்களுக்கு நிறைந்த வீடாக இருந்தது.

நோய் முதலில் வந்தது அக்காவுக்கு. வந்தது என்பதைவிட, முதலில் தெரிந்தது அக்காவுக்கு என்று சொல்வதே சரி. தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள். பாடத்தின் நடுவே அடிக்கடி எழுந்து போனாள். வகுப்பில் ஒரு வாண்டு, "டீச்சர், நீங்க யார்கிட்ட பர்மிஷன் கேப்பீங்க?" என்று கேட்டதாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். உடம்பு இளைத்ததையும் சந்தோஷமாகத்தான் எடுத்துக்கொண்டாள். கரும்பலகையில் அவள் எழுதியதே அவளுக்கு மங்கலாகத் தெரிந்த அன்றுதான் ரத்தம் கொடுத்தாள்.

மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சில மாதம் ஒழுங்காகப் போட்டாள். பிறகு கூட வேலை செய்த ஒருத்தி, மாத்திரை தின்றால் கிட்னி போய்விடும் என்று பயமுறுத்தி, ஏதோ கசப்புப் பொடியைக் கையில் கொடுத்தாள். வாய்க்குக் கசந்தால் ரத்தத்தில் இனிப்பு குறையும் என்பது கேட்கச் சரியாகத்தான் இருந்தது. அக்கா பொடியைத் தின்றாள், மாத்திரையை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். உடம்பு வலி எதுவும் இல்லை. வலிக்காததால் நோய் போய்விட்டது என்று நினைத்தாள்.

அப்போதுதான் புதுச் செருப்பு ஒன்று கடித்தது. கடித்ததே அவளுக்குத் தெரியவில்லை. இடது கால் சுண்டுவிரல் ஓரத்தில் கொப்புளம் வந்து, உடைந்து, சீழ் வைத்து, வகுப்பறையின் வெள்ளைத் தரையில் ஈரத் தடம் விழுவதைப் பிள்ளைகள்தான் முதலில் பார்த்தார்கள். சர்க்கரை நோய் பார்க்கும் டாக்டரம்மாவிடம் போனபோது விரல் கறுத்திருந்தது. அந்த ஒரு விரலை எடுத்தார்கள்.

"மாத்திரையால கிட்னி கெடாது. கட்டுப்படாம இருக்கிற சக்கரைதான் கிட்னியையும் கெடுக்கும், கண்ணையும் கெடுக்கும், கால் நரம்பையும் கெடுக்கும்" என்றார் டாக்டரம்மா. "நரம்பு கெட்டா வலி தெரியாது. வலி தெரியலைன்னா புண்ணு தெரியாது. அதனால தினமும் கண்ணால பாக்கணும். ஒரு விரலோட போச்சு. மிச்சத்தக் காப்பாத்துறது இனி உங்க கையிலதான் இருக்கு."

சொன்னது அக்காவிடம். ஆனால் பக்கத்தில் அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாமா, தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அக்காவின் கால்கள் அவர் பொறுப்பு. இன்சுலின் ஊசி போடவும் அவரே கற்றுக்கொண்டார். அக்கா ஊசியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இவர் மடித்த துண்டில் குத்திக் குத்திப் பழகி, வயிற்றில் ஒருநாள் போட்ட இடத்தில் மறுநாள் போடாமல் இடம் மாற்றிப் போடுவார். "பெட்டிய ஒரே இடத்துல வெச்சா துணி என்னாகும்? வயிறும் அப்படித்தான்" என்பார். சாப்பாட்டுத் தட்டில் பாதிக்குக் காய் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். வருஷத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போய், மருந்து விட்ட கண்ணோடு அவள் தடுமாறும்போது கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடப்பார். "ஊரே பாக்குது, விடுங்க" என்பாள் அக்கா. "உனக்குத்தான் எதுவும் தெரியலையே, ஊர் பாக்குறது மட்டும் எப்படித் தெரியுது?" என்பார்.

தினமும் படுக்குமுன் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் விஸ்தாரமாக. ஜன்னலோரம் வெளிச்சத்தில் ஒரு நாற்காலி, எதிரே ஒரு முக்காலி. கழுவி, விரல் இடுக்கெல்லாம் ஒற்றித் துடைத்து, இடுக்கை விட்டுவிட்டு மற்ற இடத்துக்கு மட்டும் களிம்பு தடவி, நகத்தை ஓரம் வளைக்காமல் நேராக வெட்டி, முனையை ராவிவிடுவார். விரல்களுக்கு உறவுமுறை வைத்திருந்தார். பெருவிரல் மூத்தவன். அடுத்தவன் நெட்டையன். பிறகு நடுவுலவன், அதற்கடுத்து சும்மா இருப்பவன். வலது காலில் மிஞ்சியிருந்த சுண்டுவிரல் கடைக்குட்டி.

"இவன் ஒருத்தன்தான் கடைக்குட்டி, இவன செல்லமா பாத்துக்கணும்" என்று எப்போதும் அவனைக் கடைசியில் வைத்துக்கொள்வார்.

"என் மூஞ்சி எப்படி இருக்கும்னே இவருக்கு மறந்துபோச்சுடி. கால மட்டும் கூட்டத்துல காட்டினாக்கூட கண்டுபிடிச்சிடுவாரு" என்பாள் அக்கா. சொல்லும்போது நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள்.

இப்படியே சில வருஷம் போனது. பிறகு அந்தக் குளிர்கால ஞாயிறு வந்தது.

அன்று நானும் அங்கே இருந்தேன். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. கால் சில்லென்று இருக்கிறது என்று மாமா வெந்நீர் வைத்தார். டாக்டரம்மா கழுவித் துடைக்கத்தான் சொல்லியிருந்தார். வெந்நீரில் ஊறவைப்பது மாமாவின் சொந்தச் சேர்க்கை. அகலப் பாத்திரத்தில் ஊற்றி, கையை விட்டுத் துழாவி, "இளஞ்சூடு, வை" என்றார். அக்கா இரண்டு காலையும் வைத்தாள். மழையைப் பற்றியும், துணி காயாததைப் பற்றியும், ஈரத் துணியைக் கொடுத்து இப்போதே வேண்டும் என்று கேட்கும் வங்கிக்காரரைப் பற்றியும் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் டீத்தட்டோடு வந்து கீழே வைக்கக் குனிந்தபோது ஆவி முகத்தில் அடித்தது. பாத்திரத்தின் விளிம்பில் கை பட்டு, சுரீரென்று இழுத்துக்கொண்டேன்.

"அக்கா, கால எடு. தண்ணி கொதிக்குது."

"கொதிக்கலடி. மாமா பாத்துட்டாரு."

"இஸ்திரிக்காரன் கைக்குச் சூடு தெரியாதா?" என்று மாமா மறுபடியும் கையை விட்டார். மணிக்கட்டு வரை விட்டார். அப்போதுதான் முகம் மாறியது. மணிக்கட்டுக்குச் சுட்டது, விரல்களுக்குச் சுடவில்லை.

அக்காவின் கால்கள் கணுக்கால் வரை செக்கச்செவேலென்று இருந்தன. டாக்டரம்மாவிடம் போய்ச் சேர்வதற்குள் கொப்புளம் கிளம்பிவிட்டது.

டாக்டரம்மா மருந்து வைத்துக் கட்டிக்கொண்டே கேட்டார்.

"தண்ணியப் பாத்தது யாரு?"

"நான்தான். கை விட்டுத்தான் பாத்தேன் டாக்டரம்மா. இளஞ்சூடாத்தான் இருந்துச்சு."

அவர் மாமாவைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு மேசையிலிருந்து நைலான் நரம்பு பொருத்திய பேனா மாதிரி ஒன்றை எடுத்தார். அக்காவின் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பதற்காக எப்போதும் எடுப்பதுதான்.

"கைய நீட்டுங்க. கண்ண மூடுங்க."

"எனக்கா? நான் கூட வந்த ஆளு டாக்டரம்மா."

"கூட வந்த ஆளுக்கும் கை இருக்கில்ல? தொடும்போதெல்லாம் தொட்டேன்னு சொல்லுங்க."

மாமா கண்ணை மூடி, கைகளை மேசைமேல் நீட்டினார். டாக்டரம்மா விரல் நுனி ஒவ்வொன்றிலும் அந்த நரம்பை வளைய வளைய அழுத்தினார். மாமா நல்ல பிள்ளைபோலக் காத்திருந்தார். காத்திருந்து பார்த்துவிட்டு, "தொடுங்க டாக்டரம்மா" என்றார்.

"தொட்டுட்டுத்தான் இருக்கேன்."

மாமா கண்ணைத் திறந்தார். நரம்பு அவர் நடுவிரலில் வளைந்து நின்றிருந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா தன் கட்டுப் போட்ட காலை மறந்து எழுந்து நிற்கப் பார்த்தாள்.

செருப்பைக் கழற்றச் சொல்லி அவர் காலையும் பார்த்தார்கள். புறங்காலில் காசளவுக்கு ஒரு தழும்பு. கரிப்பெட்டியிலிருந்து எப்போதோ தணல் விழுந்திருக்கிறது. "இது எப்போ பட்டது?" என்று டாக்டரம்மா கேட்டதற்கு, "எது?" என்று குனிந்து பார்த்தார் மாமா. ரத்தத்தில் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி அக்காவைவிட அவருக்கு மிக அதிகம். சாதாரணமாகக் காலில்தான் முதலில் மரத்துப்போகும், கைக்கு வரப் பல வருஷம் ஆகும் என்றார் டாக்டரம்மா. அத்தனை வருஷமாக இந்த மனிதர் ஒவ்வொரு பரிசோதனைக்கும் இந்த அறைக்கு வந்திருக்கிறார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் விரலில் யாரும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்ததில்லை. விரல் தடித்துப் போனதைத் தொழில் செய்த காய்ப்பு என்று அவரும் நினைத்தார், நாங்களும் நினைத்தோம்.

வீட்டுக்கு வந்ததும் மாமா நகவெட்டியை எடுத்து அக்காவின் மடியில் வைத்தார்.

"இனிமே நான் தொடக்கூடாது டீச்சர். காப்பாத்துறேன்னு சொல்லி அவிச்சு எடுத்துட்டேன்."

அக்கா நகவெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ யாரு தொடுறது? எனக்குக் குனிஞ்சா தலை சுத்துது. இவள விட்டா நகத்தோட விரலையும் சேத்து வெட்டிடுவா. கைக்குத்தானே தெரியல. கண்ணு நல்லாத்தானே இருக்கு. கண்ணாடியப் போட்டுட்டு வெட்டுங்க. நானும் உங்க கால வெட்டுறேன். எனக்குக் காலு போச்சு, கை இருக்கு. உங்களுக்குக் கை போச்சு, கண்ணு இருக்கு. ரெண்டு பேத்தையும் சேத்தா ஒரு முழு ஆளு வர மாட்டோமா?"

"சூடு?"

"அதான் இனிமே ஊறவைக்கவே கூடாதுன்னுட்டாங்களே. கழுவுற தண்ணிய நான் முழங்கையால பாத்துக்கறேன்."

மாமாவுக்கு அது போதவில்லை. காலில் எங்காவது ஓரிடம் மட்டும் சூடாக இருந்தால் உள்ளே புண் கிளம்புகிறது என்று அர்த்தம், அதையும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். இத்தனை நாளும் அதை விரலால்தான் தொட்டுப் பார்த்திருக்கிறார். அத்தனையும் வீண் என்பது அவரை அரித்தது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் மதியம் கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். அக்கா கட்டுப் போட்ட கால்களை நீட்டியபடி கட்டிலில் இருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களின் பக்கத்தில் அவர் முட்டிபோட்டு உட்கார்ந்தார். குனிந்து, மூத்தவன்மேல் கன்னத்தை வைத்தார். ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு அடுத்தவன்மேல்.

"என்னங்க பண்றீங்க? சின்னவ இருக்கா."

"இருக்கட்டும். கன்னத்துக்கு இன்னும் தெரியுது டீச்சர்."

காலையில் பெட்டியைத் தூக்கிக் கன்னத்தருகே பிடித்தபோது அவருக்குத் தோன்றியிருக்கிறது. கொப்புளங்கள் ஆற இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஆறிய பிறகு அது பழக்கமாகிவிட்டது. இரவில் பாதத்தைத் திருப்பிப் பார்த்தபின், ஒரு காலில் இந்தக் கன்னம், மறு காலில் அந்தக் கன்னம். தாடி குத்துகிறது என்று அக்கா சொல்லிவிட்டு, "குத்துனா எனக்கு எங்க தெரியப்போகுது" என்று தானே சிரிப்பாள். தினமும் சவரம் செய்யாத மனிதர் தினமும் சவரம் செய்ய ஆரம்பித்தார். ஒருமுறை இடது உள்ளங்காலில் ஓரிடம் சுடுகிறது என்று சொல்லி மறுநாளே டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனார். தடித்த தோலுக்கு அடியில் புண் ஒன்று தொடங்கியிருந்தது. தோலைச் சீவி, செருப்புக்குள் மெத்தை வைத்துக் கொடுத்தார்கள். அக்கா அந்த வருஷமும் நடந்தே பள்ளிக்கூடம் போனாள்.

தன் நோயில் மட்டும் மாமா மோசமான மாணவர். அக்கா டீச்சராகவே மாற வேண்டியிருந்தது.

"மாத்திரை போட்டாச்சா?"

"போட்டாச்சு டீச்சர்."

"வாயத் திறங்க."

"நம்பிக்கை இல்லாத குடும்பம்" என்று என்னைப் பார்த்துச் சொல்வார், மாத்திரையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தபடியே. ஒருநாள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மூட்டை நிறைய இருக்கிறதென்று சாப்பிடாமல் நின்று வேலை செய்தார். சட்டை நனைய வேர்த்து, கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து மருந்துக்கடைக்காரர் ஓடிவந்து சர்க்கரைத் தண்ணீர் புகட்டினார். சிறிது நேரத்தில் தெளிந்துவிட்டது. பெட்டி மட்டும் அந்த வங்கிக்காரரின் வெள்ளைச் சட்டையில் அழுத்தமாகப் பதிந்திருந்தது. "எனக்கு சக்கரை கொறஞ்சுது, அவருக்கு சட்டை கொறஞ்சுது" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். அதன்பின் வீட்டில் அலமாரிக்கு அலமாரி குளுக்கோஸ் டப்பா வந்தது. குப்பென்று வேர்த்தால் முதலில் சர்க்கரைத் தண்ணீர், பிறகுதான் பேச்சு.

கொஞ்சம் கொஞ்சமாக ஒழுங்குக்கு வந்தார். டீயில் சர்க்கரையை விட்டார். சாயந்திரம் இருவரும் மூடிய செருப்போடு தெருவைச் சுற்றி நடந்தார்கள். ஞாயிறு காலையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் காலை ஒருவர் மடியில் வைத்துக்கொள்வார்கள். முதலில் அவர் காலை அக்கா பார்த்து முடிப்பாள், பிறகு அவர் கண்ணாடியை மாட்டிக்கொள்வார். ஒருநாள் நான் உள்ளே நுழைந்தபோது, துடுப்பு தொலைந்துபோன படகில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தார்கள். சொன்னேன். "கரை பக்கத்துலதான் சின்னவளே, மெதுவாப் போவோம்" என்றார் மாமா.

மாமா போன இந்த ஞாயிறு காலையும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அக்கா அவர் காலைப் பார்த்து முடித்துவிட்டாள். அவர் அவளுடைய இடது காலை முடித்துவிட்டு வலது காலுக்கு வந்திருக்கிறார். மூத்தவன், நெட்டையன், நடுவுலவன். அங்கே நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றினார். நெற்றி முழுக்க வேர்வை.

"என்னவோ மாதிரி இருக்கு டீச்சர். சக்கரை லோ ஆகுது போல."

"வலிக்குதா எங்கயாவது?"

"வலியெல்லாம் ஒண்ணும் இல்ல. அசதியா இருக்கு."

அக்கா வெறுங்காலோடு எழுந்து ஓடிச் சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொடுத்தாள். பாதி குடித்தார். கொஞ்சமும் தெளியவில்லை. விரலில் குத்தி ரத்தம் பார்த்தாள். மெஷினில் சர்க்கரை குறைவே இல்லை, வழக்கத்தைவிடச் சற்று அதிகம்தான். "மெஷின் பொய் சொல்லுது" என்றார் மாமா. மூச்சு வாங்கியது. அக்காவுக்கு அந்தக் கணம் புரிந்துவிட்டது. என்ன என்று புரியவில்லை. இது அவர்களுக்குத் தெரிந்த நோய் இல்லை என்பது புரிந்தது. மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டாள். அவர் காரோடு வந்தார். இருவருமாக மாமாவைத் தாங்கி வாசலுக்குக் கொண்டுவந்தார்கள்.

வாசலில் மாமா நின்றுவிட்டார். தலையைக் குனிந்து அக்காவின் காலைப் பார்த்தார்.

"செருப்பு போட்டுக்க" என்றார்.

அவள் செருப்பை மாட்டும் வரை காரில் ஏறவில்லை. காரில் ஏறிய பிறகு எதுவும் பேசவில்லை.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மாவும் அங்கே வந்திருந்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"மாரடைப்புன்னா நெஞ்சு வலிக்குமே டாக்டர். வலிக்குதான்னு கேட்டேன். இல்லன்னு சொன்னாரே."

"வலிச்சிருக்காதும்மா. ரொம்ப வருஷம் சக்கரை இருந்தவங்களுக்கு சில சமயம் நெஞ்சு நரம்பும் மரத்துப்போயிடும், கால் மாதிரியே. வெறும் வேர்வை, அசதி, மூச்சு வாங்குறது, அவ்வளவுதான் தெரியும். அவர் பொய் சொல்லல."

"நான் சக்கரைத் தண்ணி குடுத்தேன்."

"வேர்த்தா குடுக்கணும்னு நான்தானே சொல்லிக் குடுத்தேன். குடுத்தீங்க. ரத்தம் பாத்தீங்க. இது வேறன்னு தெரிஞ்சதும் ஒரு நிமிஷம்கூட உக்காராம கூட்டிட்டு வந்தீங்க. அதுக்குமேல வீட்டுல யாராலயும் செய்ய முடியாது."

அக்கா அதைக் கேட்டுக்கொண்டாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

எல்லாம் முடிந்து இன்று ஐந்தாம் நாள். நான் இங்கேயே தங்கியிருக்கிறேன். இன்சுலினை நான் போடுகிறேன். எந்த இடம் விட்டு எந்த இடம் என்று அக்கா சொல்கிறாள். மருந்துக்கடைக்காரர் கடையிலிருந்த மூட்டைகளை அந்தந்த வீட்டில் சேர்த்துவிட்டார். வங்கிக்காரர் மட்டும் தன் மூட்டையை வாங்கிக்கொண்டு, கடை வாசலில் வெகுநேரம் நின்றாராம்.

இன்று சாயந்திரம் அக்காவின் கால்களைக் கழுவினேன். தண்ணீரை அவளே முழங்கையால் பார்த்தாள். இடுக்கெல்லாம் ஒற்றித் துடைத்தேன். புண் இல்லை, கொப்புளம் இல்லை, சிவப்பு இல்லை. அவள் காலை இழுத்துக்கொள்ளாமல் காத்திருந்தாள். குனிந்து கன்னத்தை வைத்துப் பார்த்தேன். இரண்டு காலும் ஒரே மாதிரி, சற்றுக் குளிர்ச்சியாக இருந்தன. சொன்னேன். தலையை ஆட்டினாள்.

நகவெட்டி ஜன்னல் திட்டில், அவர் கழற்றி வைத்த கண்ணாடியின் பக்கத்திலேயே இருந்தது. அதை நான் எடுத்தபோது அக்கா என் கையைத் தொட்டு, "அது இருக்கட்டும்டி" என்றாள்.

அவளுடைய வலது காலில் கடைசி இரண்டு விரல்களின் நகம் இன்னும் வெட்டப்படவில்லை.